பின் சீட்டை யார் தேர்ந்தெடுப்பது?

காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயில் அருகே வண்டியை நிறுத்தினேன். பின்னால் இருந்த அம்மா இறங்கவில்லை. "கொஞ்சம் இருப்பா" என்றார். என் தோளை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு முழங்காலை மெல்ல நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். தரையில் கால் ஊன்ற இரண்டு நிமிடம் ஆனது. ஊன்றிய பிறகும் இடுப்பில் கையை வைத்தபடி சற்று நேரம் அப்படியே நின்றார்.

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் வந்திருந்தோம். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று எங்கே நிறுத்திக் கேட்டபோதும் "ஒண்ணுமில்ல, நீ போ" என்றுதான் சொல்லியிருந்தார். "வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "வண்டி ஓட்டுற புள்ளைகிட்ட அதை வேற சொல்லிக்கிட்டு வரணுமா?" என்றார்.

அந்தப் பதில் மனதை அறுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பனிடம் சாவியைக் கொடுத்து, நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வடபழனியிலிருந்து தாம்பரம் வரை. ஏழு வருடமாக வைத்திருக்கும் வண்டி. அதன் பின் சீட்டில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. கிண்டி வருவதற்குள்ளேயே விஷயம் புரிந்துவிட்டது. சீட் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. பிரேக் போட்டபோதெல்லாம் நண்பன் முதுகில் போய் மோதினேன். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் உயரத்தில் இருந்ததால் முழங்கால் மடங்கியே கிடந்தது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருந்தது, ஆனால் முதுகுக்குப் பின்னால் கையை முறுக்கினால்தான் எட்டியது. ஒவ்வொரு வேகத்தடையும் நேராக முதுகுத்தண்டில் ஏறியது.

நம் வீடுகளில் பைக்கை வாங்குவது பெரும்பாலும் ஓட்டப்போகிறவர்தான். மைலேஜ் கேட்கிறார், நிறம் பார்க்கிறார், முன் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்க்கிறார். பின் சீட்டில் வருடக்கணக்காக உட்காரப்போகிற மனைவியோ, அம்மாவோ, அப்பாவோ அந்த இடத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்ப்பதில்லை. வலிக்கிறது என்று சொல்ல அவர்களுக்கும் மனம் வருவதில்லை.

குடும்ப வண்டியின் வால் உயர்ந்த கதை

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் சொந்தம் அதிகம். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். அதுவரை மொபெட் என்றால் ஓட்டுபவர் ஒருவருக்கானது. பின்னால் ஒரு சீட் வந்தபோது ஆசிரியர்கள் வீட்டிலும் சிறு வியாபாரிகள் வீட்டிலும் அது குடும்ப வண்டியானது. பிறகு வந்த ஸ்கூட்டர்களிலும் 100 சிசி பைக்குகளிலும் நீண்ட, தட்டையான ஒற்றை சீட். அழகுக்குப் பேர் போனவையல்ல அவை. ஆனால் பின்னால் இருப்பவர் நகர்ந்து உட்கார, பக்கவாட்டில் உட்கார, மடியில் பையை வைத்துக்கொள்ள இடம் தாராளமாக இருந்தது.

பிறகு பந்தய வண்டிகளின் சாயல் தெருவுக்கு வந்தது. வால் பகுதி மேலே எழும்பியது, சீட் இரண்டாகப் பிரிந்தது, பின்பகுதி சுருங்கியது. யமஹா ஆர்15 வண்டியின் பயணமே இதற்குச் சாட்சி. 2008இல் ஒற்றை சீட்டோடு அறிமுகமானது. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் சீட் இரண்டாகி, பின் சீட் உயர்ந்தது. 2015இல் அதே வண்டியை ஆர்15எஸ் என்ற பெயரில் மறுபடி ஒற்றை சீட்டோடு கொண்டுவந்தார்கள், பின்னால் இருப்பவரின் வசதிக்காக. ஒரு நிறுவனம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பின் சீட்டுக்கும் ஒரு குரல் இருக்கிறது என்பதை அது காட்டியது.

தாழ்வான சீட்டும் நிதானமான ஓட்டமும் கொண்ட க்ரூஸர் வகை வண்டிகள் வேறு வழியில் போயின. 2005இல் வந்த பஜாஜ் அவெஞ்சரில் பின்னால் சாய்ந்துகொள்ளச் சாய்மானம் இருந்தது. 2020 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வண்டியின் மேல்நிலை வகைகள் சாய்மானத்தோடே விற்பனைக்கு வந்தன. அம்மாவும் நானும் காஞ்சிபுரம் போன வழிக்குப் பக்கத்தில்தான் ஒரகடமும் வல்லம் வடகாலும் இருக்கின்றன. ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் வண்டி தயாரிக்கும் மண் அது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போது ஒன்று தோன்றுகிறது: இங்கே பிறக்கும் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் யாரோ ஒருவர் அமைதியாக உட்காரப்போகிறார்.

பின்னால் மட்டும் ஏன் இவ்வளவு குலுங்குகிறது?

ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்கிறார். பின் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறி இரண்டு அங்குலம் தூக்கினால், நடுவில் இருப்பவருக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் வந்து சேரும். பின்னால் இருப்பவரோ கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறார். தூக்கல் முழுவதும் அவருக்குத்தான். சில வண்டிகளில் பின் சீட் அச்சையும் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. அங்கே குலுக்கல் இன்னும் கூடும்.

இரண்டாவது காரணம் கண். ஓட்டுபவர் பள்ளத்தைப் பார்க்கிறார். அவர் அறியாமலே கை இறுகுகிறது, உடம்பின் பாரம் காலுக்குப் போகிறது, இடுப்பு சீட்டிலிருந்து லேசாக எழும்புகிறது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு ஹெல்மெட்டின் பின்புறம்தான். பள்ளம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதற்குள் முதுகு அதை வாங்கிவிட்டிருக்கும்.

மூன்றாவது காரணம் எலும்பு. உட்காரும்போது உடலின் பாரத்தில் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள் தாங்குகின்றன. கட்டாந்தரையில் சம்மணமிட்டால் குத்துகின்றனவே, அவைதான். நல்ல சீட் அந்தப் பாரத்தைத் தொடைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும். சீட் குறுகலாக இருந்தால் முனைகள் விளிம்பில் நிற்கும். அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால் நுரையைத் தாண்டி அடித்தட்டில் போய் முட்டும். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து "நல்லா மெத்துமெத்துன்னு இருக்கு" என்று வாங்கும் சீட் முப்பதாவது கிலோமீட்டரில் வலிப்பது இதனால்தான். அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகும் அடித்தட்டைத் தொடவிடாமல் தாங்கும் சீட்தான் நல்ல சீட்.

ஜி.பி. ரோட்டில் இரண்டு மதியங்கள்

சென்னையில் வண்டிக்கு சீட் தைக்க, கவர் மாற்ற என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு நினைவுக்கு வரும். ஊருக்குள் அது ஜி.பி. ரோடு. சாய்மானம் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் அம்மாவின் முதுகுவலி தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் அங்கே போனேன்.

கடை அண்ணன் சாய்மானத்தை எடுக்கவில்லை. சீட்டைக் கழற்றி மடியில் குப்புறக் கவிழ்த்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார். ரெக்சின் உரிந்து வந்தது. உள்ளே நுரை மஞ்சளாகி, நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அமுங்கிய இடம் எழும்பவே இல்லை. "பாருங்க தம்பி, நுரை செத்துப்போச்சு. இத்தனை நாளா அம்மா பிளாஸ்டிக் மேலதான் உட்கார்ந்து வந்திருக்காங்க."

பிறகு கேட்டார்: "அம்மா எப்படி உட்காருவாங்க? ரெண்டு பக்கம் கால் போட்டா, ஒரு பக்கமாவா?"

"ஒரு பக்கமாத்தான். சேலை கட்டுறவங்க."

"அப்ப பேக் ரெஸ்ட் எதுக்கு? ஒரு பக்கமா உட்கார்ந்தா அது முதுகுக்கு வராது. விலாவுலதான் இடிக்கும். நாளைக்கு அவங்களையே கூட்டிட்டு வாங்க. உட்காரப்போறவங்க இல்லாம சீட் வெட்டக்கூடாது."

மறுநாள் அம்மாவை அழைத்துப் போனேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, புது நுரையை ரெக்சின் இல்லாமல் அப்படியே வைத்து, "உட்காருங்கம்மா" என்றார். அம்மா கூச்சத்தோடு உட்கார்ந்தார். தொடை முடியும் இடத்தில் அண்ணன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "எங்கம்மா குத்துது?" என்று கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தயக்கம் விலகிப் பேசத் தொடங்கினார்: "இந்த ஓரம் தொடைக்கடியில அழுத்துதுப்பா. முன்னால வழுக்கிட்டே போகுது. கால் தொங்குற மாதிரியே இருக்கு." ஏழு வருடமாக என்னிடம் சொல்லாததை ஐந்து நிமிடத்தில் அவரிடம் சொல்லி முடித்தார். கேட்கத் தெரிந்தவரிடம் கேள்வி சரியாக வந்தது, பதிலும் வந்தது.

அண்ணன் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடியில் கெட்டியான ரீபாண்டட் நுரை, அதாவது நுரைத் துண்டுகளை அழுத்தி ஒட்டிய பலகை. அதன் மேல் மிருதுவான நுரை ஓர் அடுக்கு. மெத்தைக் கடைகளில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்களே, ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்ற கணக்கு அது. எண் கூடக் கூட பொதுவாக நுரை நீடித்து உழைக்கும். மேலே மிருது, கீழே கெட்டி என்பதுதான் சீட் தொழிலின் அடிப்படைப் பாடம். முன்பக்கச் சரிவை நுரை வைத்து நிரவினார். அம்மாவின் தொடையை அழுத்திய விளிம்பை நீண்ட கத்தியால் சீவி, தேய்த்து உருட்டினார். நுரைக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் தாள் விரித்தார். தையல் துளை வழியாக இறங்கும் மழைநீரை நுரை குடித்துவிட்டால், வெயில் காயும் நாளிலும் உட்காருபவர் உடை நனைந்துகொண்டே இருக்கும்.

ரெக்சினில் பளபளப்பானதை நான் எடுத்தேன். அண்ணன் அதை வாங்கி ஓரமாக வைத்தார். "பட்டுச்சேலை இதுல நிக்காது தம்பி" என்று சொரசொரப்பான ஒன்றைக் காட்டினார். உட்காரும் இடத்தின் நடுவில் தையல் வராதபடி ஒரே துண்டாக வெட்டினார். கடைசியாக, சேலை கார்டோடு சேர்ந்த அகலமான ஃபுட்ரெஸ்ட் ஒன்றைப் பொருத்தினார். இரண்டு பாதமும் முழுசாகப் பதியும் அகலம். தொங்கும் காலின் பாரம் முழுவதும் தொடையில் இழுக்கும், பாதம் பதிந்தால் அந்தப் பாரம் கீழே இறங்கிவிடும் என்றார்.

சாய்மானம் யாருக்கு?

அம்மாவுக்கு உதவாத சாய்மானம் என் மனைவிக்கு நன்றாகவே உதவும். அவர் சுடிதார் அணிந்து இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருபவர். அப்படி உட்காருபவருக்கு, குறிப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணங்களில், சாய்மானம் பெரிய ஆறுதல். வண்டி வேகமெடுக்கும்போது பின்னால் தூக்கிப் போடுமோ என்ற பயம் போகும். அந்தப் பயத்தில் முதுகுத் தசைகள் இறுகியே இருப்பதுதான் பாதி வலிக்குக் காரணம். தூக்கம் கண்ணைச் சொருகினாலும் பின்பக்கம் ஒரு தடுப்பு இருக்கும். ஆனால் ஓட்டுபவர் பிரேக் போடும்போது சாய்மானத்தால் ஒரு பயனும் இல்லை. உடம்பு முன்னால்தான் போகும். ஓட்டுபவரின் இடுப்பையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்வது எப்போதும் தேவை.

நல்ல சாய்மானம் தொடவேண்டிய இடம் கீழ் முதுகு. மெத்தை அதற்குக் கீழே போனால் வால் எலும்பில் குத்தும், மிக மேலே போனால் தோளை முன்னுக்குத் தள்ளும். இயல்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது முதுகை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். எப்போதும் தள்ளிக்கொண்டே இருந்தால், உட்காருபவர் முன்னால் நகர்ந்து ஓட்டுபவரை நெருக்குவார்.

பொருத்தும் இடம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். சாய்மானத்தின் கம்பி வண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக வேண்டும். வால் பகுதியின் பிளாஸ்டிக்கில் பொருத்தியது ஒருவர் முழுப் பாரத்தோடு சாயும் நாளில் கழன்றுவிடும். போல்ட்டுகளைத் தளராத நட் போட்டு முடுக்கி, மாதம் ஒரு முறை கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் நிறுவனமே அந்த மாடலுக்கென்று விற்கும் சாய்மானம் இருந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். துளைகளும் அளவும் பொருந்தி வரும்.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உயரமான சாய்மானம் இருந்தால் அதற்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். இடுப்பும் மூட்டும் ஒத்துழைக்காதவர்களுக்கு அது இயலாது. அவர்களுக்கு, தேவைப்படும்போது கழற்றி வைக்கக்கூடிய வகை பொருந்தும். ஏறும்போது வீட்டுப் படியையோ திண்ணையையோ ஒட்டி வண்டியை நிறுத்தினாலே பாதிச் சிரமம் குறையும்.

சாய்மானத்துக்குப் பின்னால் பெட்டி கட்டுவதிலும் கவனம் வேண்டும். பாரம் பின் அச்சைத் தாண்டிப் போகப் போக, முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட்டம் காணும். கனமான பொருள்களைப் பக்கவாட்டுப் பைகளில் தாழ்வாக வைப்பதே நல்லது.

ஜெல், காற்று மெத்தை, வலைத்துணி

சீட்டைப் பிரிக்காமலே மேலே போடும் மெத்தைகளும் கிடைக்கின்றன. ஜெல் மெத்தை பாரத்தைச் சீராகப் பரப்பும். ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அது சூட்டை உள்ளுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். நிழலில் நிறுத்த முடியாதவர்கள் மேலே ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைக்கலாம். காற்று மெத்தையில் பலர் செய்யும் தவறு, காற்றை முழுதாக நிரப்புவது. எலும்பு அடியில் தட்டாத அளவுக்கு மட்டும் காற்று இருந்தால் போதும். கூடினால் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் உடம்பு ஆடும். வளைவுகளில் அது ஆபத்து. வலைத்துணிக் கவர் வியர்வைக்கு நல்லது. எந்த மெத்தையானாலும் நழுவாமல் வாரால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

சீட்டை உயர்த்தும்போது ஓட்டுபவரையும் மறக்கக் கூடாது. முன் சீட்டில் ஓர் அங்குலம் கூடினாலும், சிக்னலில் கால் ஊன்றுவது குட்டையானவர்களுக்குச் சிரமமாகும். பின் சீட்டை மட்டும் உயர்த்தினால் பின்னால் இருப்பவரின் முழங்கால் மடிப்பு குறையும், ஆனால் வண்டியின் பாரம் மேலேறும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று கொஞ்சமாகக் கூட்டி ஓட்டிப் பார்ப்பது நல்லது.

காசு செலவில்லாத இரண்டு வேலைகள்

சீட் மாற்றுவதற்கு முன்பே செய்யவேண்டியவை உண்டு. பல வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைப் படிப்படியாக இறுக்கும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து படிகள். தனியாக ஓட்ட வைத்திருக்கும் படியிலேயே இருவர் போனால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு இடித்து நிற்கும். அந்த இடி நேராகப் பின் சீட்டுக்கு வரும். ஒன்றிரண்டு படிகள் இறுக்கினால் போதும், அமுங்கி விரிய ஸ்பிரிங்குக்கு இடம் கிடைக்கும்.

அடுத்தது டயர் காற்று. பின்னால் ஆள் இருக்கும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று வண்டியின் கையேட்டில் தனியாகவே போட்டிருப்பார்கள். பல வண்டிகளில் செயின் கவரிலோ பின் சக்கரத்தின் அருகிலோ ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். குறைந்தால் வளைவில் வண்டி நெளியும், கூடினால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும்.

சட்டம் பின்னால் இருப்பவரை மறக்கவில்லை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்கிறது. அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால், வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான சீட்டில்தான் அமர வேண்டும். 1989ஆம் ஆண்டு விதிகளின் 123ஆவது விதி இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. பின் சீட் உள்ள வண்டியில் நிலையான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். நாம் சேலை கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். அழகைக் கெடுக்கிறது என்று வண்டி எடுத்த முதல் வாரமே அதைக் கழற்றிப் பரணில் போடுகிறவர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து திரும்ப மாட்டிவிடுங்கள். சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்க ஒரு நொடி போதும். ஹெல்மெட்டும் இருவருக்கும் கட்டாயம்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்ல 2023 பிப்ரவரி முதல் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், குழந்தையின் தலைக்கு ஏற்ற ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம். எந்த மெத்தையும் எந்தச் சாய்மானமும் இவற்றுக்கு ஈடாகாது.

ஷோரூமில் செய்யவேண்டியவை

• பின்னால் யார் அதிகம் உட்காரப்போகிறாரோ அவரை அழைத்துச் செல்லுங்கள். வழக்கமாக அணியும் உடையிலேயே வரட்டும்.

• டெஸ்ட் ரைடில் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுங்கள். ஒரு வேகத்தடை, ஒரு திடீர் பிரேக், ஒரு மேடு இருக்கும் தெருவாகப் பார்த்துப் போங்கள்.

• நீங்களும் ஒரு முறை பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

• உட்கார்ந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அடித்தட்டு தட்டுப்பட்டால் அந்த சீட் நீண்ட பயணத்துக்கு ஆகாது.

• கைப்பிடி, கையை முறுக்காமல் எட்டுகிறதா? பாதம் முழுதாகப் பதிகிறதா? சைலன்சரின் சூடு காலில் படுகிறதா?

• "பரவாயில்லை" என்று அவர் சொன்னால் அதோடு விடாதீர்கள். "எங்கே குத்துது?" என்று கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவோடு மறுபடியும் காஞ்சிபுரம் போனேன். முன்பெல்லாம் வழி நெடுக என் சட்டைத் தோள் அம்மாவின் பிடியில் கசங்கிப்போகும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கை ஒரு தடவை இறுகும். அது பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வலித்த இடத்தை மாற்றி உட்கார அம்மா ஊன்றிக்கொண்ட இடம் என் தோள் என்பது கடைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த முறை சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை தோளில் கை விழவில்லை. ராஜகுளம் நெருங்கும்போது விழுந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். "என்னம்மா, வலிக்குதா?" என்றேன். "இங்க இளநி நல்லா இருக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஒண்ணு குடிச்சிட்டுப் போலாமா?" என்று சொல்லிக்கொண்டே, நான் ஸ்டாண்ட் போடுவதற்குள் இறங்கி நின்றார்.